இருபத்தொன்றாவது ஆள்

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு மறுபடியும் கூடம் இருண்டது. நான் ஓர் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே சுருள் எப்படி ஓடுகிறது என்று காட்டி முடித்திருந்தேன். மேசையைச் சுற்றி எட்டுப் பேர், ஆளுக்கொரு பொருளை ப்ளக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே முடிதிருத்தும் கடையில் விசிறி சுற்றுவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஆக, தெருவில் மின்சாரம் இருக்கிறது. எங்கள் சமுதாயக் கூடத்தில் மட்டும் இல்லை. எட்டு வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

“கரண்ட் பாடம் ஆரம்பிச்சா கரண்ட்டுக்கே தூக்கம் வந்துடுது போல,” என்றார் என் வகுப்பிலேயே மூத்தவரான தையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பக்கத்து அறையிலிருந்து பதினான்கு பேர் ஒன்றாகப் பெருமூச்சு விடும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் குரல், கிட்டத்தட்ட அழுகையில்: “சார், அடிச்சதெல்லாம் போச்சு சார். வேலைக்குப் போடுற விண்ணப்பம் சார்.” அந்த ‘சார்’ என் சகலை.

பதினான்கு பேர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், எண்ணியிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலேகால் மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறவனைப் போல நடைவழியில் போய், அவருடைய கணினி வகுப்பின் கதவுக் கண்ணாடி வழியே தலைகளை எண்ணிவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்புவேன்.

நடைவழிச் சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். எதிர்பார்த்தபடி டிரிப்பர் என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் கீழே விழுந்திருந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கம்பி வழியாக மின்சாரம் உள்ளே போகிறது, இன்னொரு கம்பி வழியாகத் திரும்பி வருகிறது. போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் ஒழுங்கு. போனதில் கொஞ்சம் திரும்பி வராவிட்டால், அது வேறெங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சுவர் வழியாக இருக்கலாம், ஒரு மனிதன் உடம்பு வழியாகவும் இருக்கலாம். டிரிப்பர் இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால், கண் இமைப்பதற்குள் விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். உயிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்த பொருள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது ஏன் விழுகிறது என்றுதான் தெரியவில்லை.

என் வகுப்பு எளிமையானது. வீட்டில் கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டி, மிக்சி, தண்ணீர் சுடவைக்கும் கம்பி என்று ஆளுக்கொரு பொருளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் அரைமணி நேரம் நான் பேசுவேன். பிறகு எல்லாரும் நீளப் பலகையில் ஆளுக்கொரு ப்ளக்கில் மாட்டிப் பார்ப்பார்கள். கூடம் இருண்டால், எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லி டிரிப்பரைத் தூக்குவேன், நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக மாட்டச் சொல்வேன். எட்டும் மாட்டியாகும், எதுவும் ஆகாது. குற்றவாளியைப் பிடிக்க அணிவகுப்பு வைத்தால், எட்டுப் பேருமே நல்லவர்கள். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். பதினைந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் எந்த மாடியில் முனகுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். இரண்டு அறைகள் உள்ள ஒரு கூடம் எனக்குப் பிடிகொடுக்கவில்லை.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. நல்ல மனிதர். இதைச் சொல்லிவிடுவதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: அவர் நல்லவர் என்று நானே சொல்லிவிட்டால், பிறகு மற்றதைச் சொல்லலாம். அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று என் மாமியார் சொல்வார். நான் போனால், “பெரிய மாப்ள வந்திருக்காரு, அந்த விசிறியக் கொஞ்சம் பாக்கச் சொல்லு,” என்பார். விசிறியைப் பார்த்துக்கொண்டே நாற்காலி மேல் நிற்கும்போது, கீழே அவர் பேச்சுக்கு எல்லாரும் சிரிப்பது கேட்கும். நடுவில் யாராவது, “ஸ்க்ரூ டிரைவர் வேணுமா?” என்று என்னைக் கேட்பார்கள்.

கூடத்தில் இலவச வகுப்பை முதலில் ஆரம்பித்தவன் நான். ஒரு வருடம் கழித்து, மூடப்போகிற ஒரு பள்ளியிலிருந்து பதினைந்து பழைய கணினிகளைக் கேட்டு வாங்கி, முன்னறையில் சகலை கணினி வகுப்பு ஆரம்பித்தார். மூன்றே வாரத்தில் எல்லாரும் அவரை ‘சார்’ என்றார்கள். என்னை இன்றைக்கும் ‘லிஃப்ட்காரரே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன். “தம்பி க்ளாஸுக்குப் போலாம்னு இருக்கேன்,” என்றாள். தங்கை புருஷன் அவளுக்குத் தம்பி. இருபது வருடமாக அவளுக்கு ஃப்யூஸ் போடச் சொல்லித்தர முயன்று தோற்றவன் நான். அவள் இப்போது இரண்டு கை விரல்களாலும், கீழே பார்க்காமல் தமிழில் தட்டச்சு செய்கிறாள்.

இது போதாதென்று அவர் ஒரு தாள் வேறு நடத்துகிறார். வாரம் ஒரு தாள், இரண்டு பக்கம், எங்கள் தெருச் செய்தி. கூடத்துப் பலகையிலும் கடைகளிலும் ஒட்டுவார்கள். எந்தக் குழாய் உடைந்தது, யார் வீட்டுப் பூனை காணாமல் போய்த் திரும்பி வந்தது, நகராட்சி எதற்குக் கூட்டம் போடுகிறது என்று எல்லாம் இருக்கும். கடைசியில், கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓர் எண். அவருக்கு எண் என்றால் எண்தான். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போகும்போது முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். அதாவது அவருடைய எண்ணை. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று. எட்டு வாரத்து எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஞாயிறு தாளில் வந்த வரி இது: “மின்சாதனப் பழுதுபார்ப்பு வகுப்பின்போது கூடத்தில் மின்சாரம் தடைபட்டது. இருபது நிமிடம்.” கேலி எதுவும் இல்லை. கேலி இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பால்கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பாலைப் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. கூடத்தில் அடிக்கடி மின்சாரம் தடைபடுவதாகவும், அதனால் கணினி மாணவர்களின் வேலை கெடுவதாகவும், அது ஆபத்தானது என்றும் புகார். பழுதுபார்ப்பு வகுப்பை நிறுத்திவிட்டு, பின்னறையையும் கணினி வகுப்புக்கே கொடுப்பது பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், ஞாயிறு காலை பத்து மணி. அதுவரை இரண்டு வகுப்பும் கிடையாது. கையெழுத்து யாருடையது என்று போய்ப் பார்த்தேன். விண்ணப்பத்தை இழந்த அந்தப் பெண். சகலை கையெழுத்துப் போடவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, போட்டிருக்கலாம்.

பின்னறை அவருக்குப் போகும் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. ஆளே இல்லாத இரண்டாவது அறைக்கு அவர் ஆள் சேர்த்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சனிக்கிழமை மாலைகளில் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். மனைவி திரும்பி வந்து, இன்றைக்கு இருபத்தெட்டுப் பேர் என்பாள்.

அப்போதுதான் அந்த எண்கள் எனக்கு உதவிக்கு வந்தன. உட்கார்ந்து எழுதினேன். அவருக்கு ஆறு பேர் வந்த அன்று மின்சாரம் போகவில்லை. ஒன்பது, போகவில்லை. பன்னிரண்டு, போனது. பதின்மூன்று, போனது. பதினொன்று, போனது. பதினான்கு, போனது. எழுதிய தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். கூட்டம் அவருக்கு, பழி எனக்கா? பழைய கணினிகள், ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கும் மின்வழங்கிப் பெட்டி சிறிதளவு மின்சாரத்தைத் தரைக்குக் கசியவிடும். அதைச் செய்தவர்களே ஒத்துக்கொண்ட விஷயம் அது. ஒரு கணினிக்கு ஒரு துளி. பத்துக்கு மேல் போனால் துளிகள் சேர்ந்து டிரிப்பரைத் தள்ளிவிடுகின்றன. தீர்வு சுலபம்: கணினி வகுப்பில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் உட்காரக் கூடாது.

இரண்டு வாரங்கள் இதற்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் பெருமழையிலும் அவருக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள், மின்சாரம் போகவில்லை. இன்னொரு நாள் வெறும் எட்டுப் பேர், போனது. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: பத்தில் எட்டு ஒத்துப்போனால், மீதி இரண்டையும் விடாதே, அங்கேதான் பழுது இருக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தருவேன். அன்றைக்கு அந்த இரண்டையும் விட்டுவிட்டேன். தீர்வு அவ்வளவு பிடித்திருந்தது.

கருத்துக் கேட்பு எப்படி நடக்கும் என்பதும் சொல்லத் தக்கதுதான். பேச விரும்புகிறவர்கள் வாசலில் பெயர் கொடுத்து எண் சீட்டு வாங்க வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடம் முடிந்ததும் ஓர் எழுத்தர் மேசை மணியைத் தட்டுவார். சொல்வதை இன்னோர் எழுத்தர் எழுதிக்கொண்டே இருப்பார். நடத்த வந்த அதிகாரி அம்மா, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். குப்பைத் தொட்டியை யார் வீட்டு வாசலில் வைப்பது என்பதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொருவரும் தொட்டி அவசியம் வேண்டும் என்றும், அடுத்த வீட்டு வாசல்தான் அதற்கு வசதி என்றும் மூன்று மூன்று நிமிடம் பேசினார்கள்.

பிறகு எங்கள் விஷயம். என் சீட்டு பதினேழு. நான் தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தேதிகளைச் சொன்னேன், அவருடைய எண்களைச் சொன்னேன், எந்தெந்த நாளில் மின்சாரம் போனது என்று சொன்னேன். கணினி ஒவ்வொன்றும் கசியவிடும் துளியைப் பற்றிச் சொன்னேன். பத்துப் பேர் என்ற வரம்பைச் சொல்லி முடித்தபோது, மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அதிகாரி அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் தாளில் எழுதினார். ‘10’ என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். கணினி வகுப்பைச் சேர்ந்தவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று அவர் கேட்டார்.

சகலை உட்கார்ந்தபடியே சொன்னார். “சகலை சொல்றாருன்னா அது சரியாத்தான் இருக்கும். இந்த விஷயத்துல அவருக்கு மேல இங்க யாரும் இல்ல. பத்துப் பேரோட நிறுத்திக்கிறோம்.”

நான் எதிர்பார்த்தது இதுவல்ல. அவர் வாதாடுவார், நான் பதில் சொல்வேன் என்று வழியெல்லாம் பதில்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவருடைய மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யார் விலக வேண்டும் என்று பின் வரிசையில் பேச்சு எழுந்தது. கடைசியாகச் சேர்ந்த நாலு பேர்தான் என்று யாரோ சொன்னார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்தொன்பது என்று எழுத்தர் கூப்பிட்டார். என் மனைவி எழுந்தாள். அவள் சீட்டு வாங்கியது எனக்குத் தெரியாது. கையில் தெருத் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, மூலையில் நூல் கோத்து வைத்திருந்தாள்.

“எனக்கு வயரிங் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க,” என்று அதிகாரி அம்மாவிடம் சொன்னாள். “இவரு சொன்ன கணக்குல போன மாசக் கடைசி சனிக்கிழமை வரல. அன்னிக்கு எங்க க்ளாஸுல எட்டே பேருதான். தாள்ல இருக்கு. அன்னிக்கும் கரண்ட் போச்சு. அது ஏன்னு இவரு சொல்லிட்டா நான் உக்காந்துக்குறேன்.”

அது தற்செயலாக இருக்கலாம் என்றேன் நான்.

“இருக்கலாம். ஆனா அன்னிக்கு உங்க க்ளாஸுக்குப் பதினஞ்சு பேர். வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுறதுக்குள்ள மூணு தடவ சொன்னீங்க.”

கூடம் சிரித்தது. அவள் சிரிக்காமல் உட்கார்ந்துகொண்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் தருவதாக அதிகாரி அம்மா சொன்னார்.

எட்டும் பதினைந்தும் இருபத்து மூன்று. நான் அந்தக் கூட்டலைச் செய்ய நினைக்கவில்லை. அது தானாக நடந்தது. மழை நாளில் அவருக்குப் பதினான்கு, எனக்கு மூன்று. பதினேழு; போகவில்லை. பன்னிரண்டும் ஒன்பதும் இருபத்தொன்று, போனது. பதின்மூன்றும் எட்டும் இருபத்தொன்று, போனது. பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று. ஒன்பதும் பத்தும் பத்தொன்பது, போகவில்லை. எட்டு வாரமாக இரண்டு எண்களும் ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. நான் ஒன்றை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் தெளிந்துவிட்டது. கசியவிட்டது கணினிகள் மட்டுமல்ல; என் பலகையில் மாட்டும் பழைய இஸ்திரிப் பெட்டிகளும் தண்ணீர்க் கம்பிகளும் சூடேறும்போது ஆளுக்கொரு துளி கசியவிட்டன. கெட்டுப்போனதால்தானே அவை என் வகுப்புக்கே வந்தன? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மன்னிக்கத் தக்க அளவுதான். இரண்டு அறைகளிலும் சேர்த்து இருபத்தொன்றாவது ஆள் ஸ்விட்சைப் போட்டபோது டிரிப்பர் விழுந்தது. நான் அதைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கும்போது, பக்கத்து அறையில் வெறுத்துப்போன ஏழெட்டுப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். அதனால்தான் எட்டும் நல்லவையாகவே இருந்தன. இரண்டு வகுப்பும் நன்றாக நடந்த நாட்களில் மட்டுமே கூடம் இருண்டிருக்கிறது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வட்டம் போட்ட பத்து அந்தத் தாளில் இருந்தது. ஈரப்பதம், அழுத்த ஏற்றத்தாழ்வு என்று இரண்டு கனமான வார்த்தைகளைப் போட்டிருந்தால் அங்கே யாரும் மறுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். மறுத்துக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று சகலை சற்று முன்பே சபைக்குச் சொல்லிவிட்டார். அதுதான் என்னை மாட்டிவிட்டது. நான் சொன்னது தப்பு என்று சொன்னேன்.

ஆனால் அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதை என்னால் சொல்ல முடியவில்லை. மில்லி ஆம்பியர் என்றேன், கூட்டுக் கசிவு என்றேன், நியூட்ரல் என்றேன். முகங்கள் மூடிக்கொண்டே போயின. முன் வரிசையில் என் மாணவரான தையல்காரர் அன்போடு தலையாட்டினார். எதுவும் புரியாதபோது அவர் அப்படித்தான் தலையாட்டுவார். மணி அடித்தது. அதிகாரி அம்மா, அப்படியென்றால் தவறு எந்த வகுப்பு மேல் என்று கேட்டார்.

“எனக்கு ஒரு சீட்டு இருக்கு,” என்று சகலை எழுந்தார். “அவரு சொன்னதையே சொல்றேன், வேற ஒண்ணுமில்ல. ஒரு பெரிய கடை இருக்கு, ஒரே வாசல், ஒரு வாட்ச்மேன். எத்தன பேரு உள்ள போனாங்க, எத்தன பேரு திரும்பி வந்தாங்கன்னு எண்றதுதான் அவரு வேல. அஞ்சாறு பேர் குறைஞ்சா கண்டுக்க மாட்டாரு. இருபதுக்கு மேல குறைஞ்சா ஷட்டர இழுத்துடுவாரு. எங்க ரூம்லருந்து ஒரு பத்துப் பேரு பின்பக்கமா நழுவுறாங்க, சகலை ரூம்லருந்து ஒரு பதினொரு பேரு நழுவுறாங்க. தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே பெரிய விஷயம் இல்ல. ரெண்டு ரூமுக்கும் ஒரே வாட்ச்மேன வச்சிருக்கோமே, அதுதான் பிரச்சினை. சரியா சகல?”

சரி என்றேன். மிகச் சரி. ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. பின் வரிசையிலிருந்து ‘ஆஹா’ என்று சத்தம் வந்தது. விண்ணப்பத்தை இழந்த பெண் பக்கத்தில் இருந்தவளுக்கு வாட்ச்மேனைக் கையால் நடித்துக் காட்டினாள். தையல்காரர் இம்முறை புரிந்து தலையாட்டினார். யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். என் வகுப்பைக் காப்பாற்றிய கைதட்டல் அது. அதிகாரி அம்மா பத்தை அடித்துவிட்டு, இரண்டு வகுப்பும் தொடரலாம் என்றும், இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது டிரிப்பர் பொருத்தி நகராட்சி மின்பணியாளரிடம் காட்ட வேண்டும் என்றும் எழுதச் சொன்னார். நான் கைதட்டினேனா என்று நினைவில்லை. கைகளைப் பார்த்தேன், தாள் கசங்கியிருந்தது. கண்டுபிடித்தவன் நான். எட்டு வாரம் உறக்கம் கெட்டவன் நான். அந்த வாட்ச்மேன் எனக்கு ஏன் தோன்றவில்லை?

வெளியே வரும்போது சகலை என் தோளில் கை போட்டு, வாட்ச்மேன் உதாரணம் தப்பில்லையே என்று கேட்டார். உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். இதைப் போல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை.

நானும் மனைவியும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். எண் சீட்டைத் தாள்களோடு மாட்டிவைத்த கிளிப்பை எடுக்க அவள் மறந்திருந்தாள். எனக்காக எழுந்தாளா, அவளுடைய இருக்கைக்காக எழுந்தாளா என்று கேட்க நினைத்தேன். தாள்களை எதற்கு நூல் கோத்து வைத்திருந்தாய் என்று மட்டும் கேட்டேன். “உங்க பேரும் தம்பி பேரும் ஒரே பக்கத்துல வருது, எடுத்து வச்சேன்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகக் கூடத்துக்குப் போய் இரண்டாவது டிரிப்பரைப் பொருத்தினேன். முன்னறைக்குப் போகும் கம்பி ஒன்றில், பின்னறைக்குப் போகும் கம்பி மற்றதில். அரைமணி நேர வேலை. பின்னறையில் ஒரே ஒரு பல்பைப் போட்டேன். இரண்டு டிரிப்பரும் ஒன்றாக விழுந்தன. தூக்கினேன், விழுந்தன. முன்பு இருபத்தொரு பேர் தேவைப்பட்டார்கள், இப்போது ஒரு பல்பு போதும். மறுநாள் வகுப்பு. யாரையாவது கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் சகலை வருவார், டார்ச் பிடிப்பார், ஏதாவது கேட்பார். கூப்பிடவில்லை. ஏணியின் இரண்டாவது படியில் உட்கார்ந்தேன்.

என் பாடப்புத்தக வார்த்தைகளில் யோசித்துப் பார்த்தேன். ஓடவில்லை. கடைசியில், யாரும் பார்க்கவில்லை என்பதால், வாட்ச்மேனை வைத்து யோசித்தேன். இப்போது இரண்டு வாசல், இரண்டு வாட்ச்மேன். பின்வாசல் வழியாக ஒருவன் உள்ளே போகிறான். போனவன் அதே வாசலில் வந்தால் கணக்கு ஒத்துப்போகும். அவன் முன்வாசல் வழியாக வெளியே வந்தால்? பின்வாசல்காரனுக்கு ஓர் ஆள் குறைவு. முன்வாசல்காரனுக்கோ, உள்ளேயே விடாத ஒருவன் வெளியே வருகிறான். இரண்டு பேரும் ஷட்டரை இழுப்பார்கள். நான் போகிற கம்பிகளை மட்டும் பிரித்திருந்தேன். திரும்பி வருகிற கம்பிகள் எங்கோ ஒன்றாக இருக்கின்றன.

ஏணியை நகர்த்தி, நடைவழிக் கதவுக்கு மேலே சுண்ணாம்பு பூசி மறைத்திருந்த, கம்பிகள் சேரும் சந்திப்புப் பெட்டியைச் சுரண்டித் திறந்தேன். இருந்தது. கட்டடம் கட்டிய காலத்தில் யாரோ, கம்பியை மிச்சம் பிடிக்க, இரண்டு அறைகளின் நியூட்ரலையும், அதாவது திரும்பி வருகிற கம்பிகளை, ஒரே முறுக்காக முறுக்கி நாடா சுற்றியிருந்தார்கள். பிரித்தேன். பின்னறையிலிருந்து வருவதைத் தனியாக ஒரு புதுக் கம்பியில் பெட்டி வரை இழுத்துவந்தேன். பல்பைப் போட்டேன். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. இதை அவருக்குச் சொன்னால் அடுத்த தாளில் அழகாக எழுதிவிடுவார் என்று தோன்றியது. சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சனிக்கிழமை நாலேகால் மணிக்கு நடைவழியில் போனேன். கண்ணாடி வழியே எண்ணினேன்: பதினைந்து; ஒரு கணினியும் மிச்சமில்லை. மூன்றாவது வரிசையில் என் மனைவி, திரையைப் பார்த்தபடி, விரல்கள் ஓட. திரும்பி வந்து என் மேசையை எண்ணினேன்: ஒன்பது. நாலரைக்கு ஒன்பது பேரும் மாட்டினார்கள். மொத்தம் இருபத்து நாலு. நான் பெட்டியின் முன் போய் நின்றேன். இரண்டு டிரிப்பரும் மேலேயே நின்றன. பக்கத்து அறையில் சாவிகள் மழை மாதிரி தட்டிக்கொண்டிருந்தன.

பெட்டியின் கதவின் உள்பக்கம், பிற்காலத்தில் திறக்கப்போகிற எவனுக்காவது உதவும் என்று பேனாவால் எழுதிவைத்தேன்: அறைக்கு ஒரு டிரிப்பர். அந்தந்த அறையின் நியூட்ரல் அந்தந்த டிரிப்பருக்கே திரும்ப வேண்டும். இரண்டையும் எங்கேயும் சேர்க்கக் கூடாது.